குசினி

இரண்டாமாண்டு பி.எஸ்ஸி. தாவரவியல் மாணவன்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிரான்சு நாட்டில் நாற்பது நாள் இருந்தும் நான் ஈபில் கோபுரத்தைப் பார்க்கவில்லை. கல்லூரி திறந்த நாள்முதல் நண்பர்கள் கேட்கும் முதற்கேள்வி அதுதான். “பார்க்கவில்லை” என்றதும், “பின்னே எதுக்குடா போனே?” என்று அடுத்த கேள்வி பிறக்கிறது. சாப்பிடப் போனேன் என்றுதான் சொல்ல வேண்டும். சந்தைக்குப் போவதும், காய் வாங்குவதும், சமைப்பதும், உண்பதும், ஒரு பாலாடைக்கட்டியைப் பார்ப்பதற்காக இரண்டு மணி நேரம் புகைவண்டியில் செல்வதுமாகவே என் கோடை விடுமுறை கழிந்தது. பயணக் கட்டுரை வேண்டும் என்று கேட்ட தமிழ்த்துறைப் பேராசிரியர் அவர்கள் பொறுத்தருள வேண்டும்.

நாங்கள் புதுச்சேரி எல்லையை ஒட்டிய சிற்றூர்க்காரர்கள். என் தந்தையாரின் அக்காளைப் புதுச்சேரியில் கட்டிக்கொடுத்தார்கள். 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 16ஆம் நாள் புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு இணைந்தது. அப்போது, விரும்புவோர் ஆறு மாதத்திற்குள் எழுதிக் கொடுத்துப் பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ளலாம் என்று உடன்படிக்கையில் இடம் இருந்தது. மாமாவின் தந்தையார் அப்படி எழுதிக் கொடுத்தவர். மாமா பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, ஓய்வு பெற்றபின் லியோன் மாநகரை ஒட்டிய வில்லூர்பானில் குடியேறினார். மூன்று ஆண்டுகளுக்கு முன் அவர் காலமானார். அத்தை அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பி.எஸ்ஸி. சேர்ந்த செய்தி கேட்டதும், “நம்ம வம்சத்துல மொதமொதல்ல காலேசு மிதிச்சவன். அவனை நான் பாக்கணும்” என்று பயணச்சீட்டுக்குப் பணம் அனுப்பிவிட்டார்.

போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, ரசம் வைக்கலாம் என்று அத்தையின் குசினிக்குள் நுழைந்தேன். (புதுச்சேரிப் பக்கத்தில் அடுக்களையைக் குசினி என்போம், சமைப்பவர் குசினிக்காரர். போர்ச்சுகீசியர் தந்த சொல் என்பார்கள். பிரெஞ்சுக்காரரின் ‘குவிசீன்’ அதற்கு ஒன்றுவிட்ட சகோதரி.) புளி இருந்தது, மிளகு இருந்தது, பூண்டு இருந்தது. தக்காளியைக் காணோம்.

“தக்காளி எங்கே அத்தை?”

“இன்னும் வரலைடா.”

முதல்நாள் மாலைதான் ஒரு பெரிய அங்காடியில் தக்காளி மலைபோல் குவிந்திருந்ததைப் பார்த்திருந்தேன். அதைச் சொன்னேன். அத்தை சிரித்தார். “அது வந்ததில்ல, கொண்டாந்தது. ஆடி மாசம் வரும் பாரு, அதுதான் இந்த ஊர்த் தக்காளி.” அந்த நாட்டில் காய்கனிக் கடைகளில் விலையோடு, எந்த நாட்டில் விளைந்தது என்பதையும் எழுதிவைக்க வேண்டும் என்பது சட்டம். மறுபடி போய்ப் பார்த்தேன். ஸ்பெயின், மொராக்கோ என்று எழுதியிருந்தது. நாற்பது நாளும் அத்தை வீட்டில் புளி ரசம்தான்.

லியோனில் சவோன் ஆற்றங்கரையில் காலைச் சந்தை கூடுகிறது. மே மாதத் தொடக்கத்தில் அங்கே அரசாட்சி செய்வது அஸ்பெர்ஜ். பென்சிலைவிடச் சற்றுத் தடித்த தண்டுகள். பச்சை ஒரு வகை, தந்தம்போல் வெளுத்தது ஒரு வகை. தாவரவியல் மாணவர்களே, இது நமக்கு வேற்றாள் அன்று! நம் ஊர் வேலியோரத்துத் தண்ணீர்விட்டான் கிழங்கின் பேரினமே இதற்கும். நாம் கிழங்கைத் தோண்டி மருந்துக்கு வைத்துக்கொள்கிறோம். அவர்கள் குருத்தை வெட்டித் தின்கிறார்கள். வெள்ளை என்பது தனி இனம் அன்று. குருத்து வெளியே தலைகாட்டுமுன் மண்ணை மேடாக அணைத்துவிடுகிறார்கள். வெளிச்சம் படாததால் பச்சையம் உண்டாவதில்லை. அவ்வளவுதான் வித்தை.

சமைப்பது எளிது. வெள்ளைத் தண்டின் தோலை நுனிக்குக் கீழிருந்து அடிவரை சீவ வேண்டும். உப்பு நீரில் வேகவிட்டு, துணியில் வடித்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே எண்ணெயும் காடியும் கடுகு விழுதும் அடித்த சாற்றில் தோய்த்துக் கையால் எடுத்து உண்கிறார்கள். முதல்நாள் எனக்கு அது பெரிதாகப் படவில்லை. நான்காம் நாள் நானே இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன்.

சந்தையில் ஒரு விவசாயியிடம் அத்தை வழியாகக் கேட்டேன்: இது எதுவரை கிடைக்கும்? ஜூன் 24, புனித யோவான் திருநாள்வரை என்றார். அதன்பின் தண்டு வராதா? வரும், வெட்ட மாட்டோம் என்றார். அந்தப் பதில் என்னைப் பிடித்துக்கொண்டது. வெட்ட வெட்ட அடியிலுள்ள வேர்த்தண்டு தன் சேமிப்பையெல்லாம் செலவிட்டுக் குருத்து விடுகிறது. ஒரு நாளில் நிறுத்தினால்தான் மிஞ்சிய குருத்துகள் செடியாக வளர்ந்து, இலைத்தொழில் புரிந்து, அடுத்த ஆண்டுக்கு வேண்டியதை வேருக்கு அனுப்ப முடியும். ஒளிச்சேர்க்கையை நான் பன்னிரண்டாம் வகுப்பிலும் படித்தேன், முதலாண்டிலும் படித்தேன். அது ஒரு சந்தையின் நாள்காட்டியில் உட்கார்ந்திருக்கும் என்று யாரும் சொல்லவில்லை.

மே நடுவில் பச்சைப் பட்டாணி வந்தது. வாங்கிவந்த உடனே உரிக்கச் சொல்லி அத்தை விரட்டுவார். பறித்த நேரத்திலிருந்தே அதன் சர்க்கரை மாவாக மாறத் தொடங்குகிறது. லெட்டூஸ் கீரையை அடியில் பரப்பி, சின்ன வெங்காயமும் வெண்ணெயும் சேர்த்து, மூடிவைத்து வேகவிடுவார். கீரை விடுகிற நீரே போதும். இளஞ்சிவப்பு முள்ளங்கியைப் பச்சையாக, வெண்ணெயும் உப்புக்கல்லும் தொட்டு, ரொட்டியோடு தின்பதை நான் முதலில் நம்பவில்லை. இப்போது அதற்கு ஏங்குகிறேன். ஒசேய் என்றொரு கீரை. புளிச்சக்கீரைக்கும் அதற்கும் குடும்ப உறவே கிடையாது. நாக்குக்கு மட்டும் தெரிந்த உறவு. அத்தை அதை மிளகாய் வதக்கிப் போட்டுக் கடைந்து, பாட்டி செய்ததுபோலவே செய்வார். பிரெஞ்சுக்காரர்கள் அதே கீரையைப் பாலேட்டில் கலந்து மீனுக்கு ஊற்றுகிறார்கள்.

எல்லாம் எனக்குப் பிடித்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அந்துயெத் என்று குடலைத் திணித்துச் செய்யும் ஒரு பண்டம் லியோன்காரருக்கு உயிர். தட்டு மேசைக்கு வருமுன் வாசம் வந்துவிட்டது. நான் உருளைக்கிழங்கை மட்டும் உண்டு எழுந்தேன். அத்தை அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் சிரித்தார்.

புகைவண்டிப் பயணத்தைச் சொல்ல வேண்டும். லியோனிலிருந்து வடகிழக்கே ஜூரா மலையடிவாரத்தில் பொலினி என்னும் சிற்றூர் இருக்கிறது. கோந்தே என்னும் பாலாடைக்கட்டியின் தலைநகர் அது. சுற்றுப்புறக் கிராமங்களில் பால்காரர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவுப் பண்ணைகள் உள்ளன. நம் ஊர்ப் பால் சொசைட்டிதான். ஆனால் பாலை விற்றுவிடாமல் அங்கேயே கட்டியாக்குகிறார்கள். காய்ச்சாத பால், கறந்த 24 மணி நேரத்திற்குள் தாமிரக் கொப்பரைக்குப் போய்விட வேண்டும். மாட்டுக்குப் புளித்த தீவனம் போடக் கூடாது; புல்லும் காய்ந்த புல்லும்தான் முதன்மை. நானூறு லிட்டர் பால் சுண்டி நாற்பது கிலோ வட்டக்கட்டி ஒன்றாகிறது. வண்டிச் சக்கரத்தைப் படுக்க வைத்தாற்போல் இருக்கிறது. குறைந்தது நான்கு மாதம், சில ஓராண்டுக்கு மேலும், நிலவறையில் மரப் பலகைமேல் உறங்குகின்றன. காப்பாளர் ஒரு சிறு கருவியால் தட்டிக் காது கொடுத்துக் கேட்கிறார், நாம் பலாப்பழத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல.

இரண்டு துண்டு கொடுத்தார்கள். ஒன்று மஞ்சள், ஒன்று வெளிர். கோடையில் மாடு பசும்புல் மேய்கிறது. புல்லின் கரோட்டின் பாலில் இறங்கிக் கட்டி மஞ்சளாகிறது. குளிரில் தொழுவத்தில் காய்ந்த புல், கட்டி வெளிறுகிறது. ஆக, ஒரு துண்டைக் கையில் எடுத்தால் அந்தப் பால் எந்தப் பருவத்தது என்று கண்ணே சொல்லிவிடும்! சுவரில் ஒரு வட்டப் படம் மாட்டியிருந்தது. கோந்தேயில் அறியக்கூடிய வாசனைகளின் பட்டியல், மொத்தம் 83. எனக்கு உப்பும் பாலும் தவிர ஒன்றும் தெரியவில்லை. அத்தை ஐந்து சொன்னார்.

திரும்பும் வண்டி பூர்க்-ஆன்-பிரெஸ் வழியே வந்தது. வெள்ளை இறகு, சிவப்புக் கொண்டை, நீலக் கால் என்று நாட்டுக் கொடியையே உடம்பில் உடுத்திய பிரெஸ் கோழியின் ஊர். அந்த வட்டாரத்தில் 1895இல் ஏழைப் பண்ணைக் குடும்பத்தில் பிறந்தவர் எழெனி பிராசியே என்று அத்தை ஆரம்பித்தார். பத்து வயதில் தாயை இழந்து, பள்ளியைவிட மாட்டையும் பன்றியையும் மிகுதியாகக் கண்டவர். மணமாகாமல் தாயானதால் வீட்டைவிட்டு விலக்கப்பட்டு, லியோனில் ஒரு வீட்டு வேலைக்காரியாகச் சேர்ந்தார். அங்கே கரண்டி கைக்கு வந்தது. 1921இல் ரோயால் தெருவில் சிறு உணவகம் திறந்தார். 1933இல் மிஷ்லேன் ஏடு அவருடைய இரண்டு உணவகங்களுக்கும் ஆளுக்கு மூன்று நட்சத்திரம் கொடுத்தது. அப்படி ஆறு நட்சத்திரம் பெற்ற முதல் மனிதர் அவரே. உலகப் புகழ் பெற்ற போல் பொக்கூஸ் இளைஞராக அவரிடம் வேலைக்குச் சேர்ந்தபோது, அடுப்படியோடு மாடு கறக்கவும் தோட்டம் பார்க்கவும் துணி தேய்க்கவும் வேண்டியிருந்ததாம். பிராசியே 1977இல் மறைந்தார். அவர் பெயரில் லியோனில் ஒரு தெருவே உண்டு. சமையற்காரிக்குத் தெரு!

மறுநாள் பொக்கூஸ் பெயர் தாங்கிய மூடு சந்தைக்குப் போனோம். ஒரு கடையில் வெள்ளைச் சட்டை அணிந்த ஒருவர் பாலாடைக்கட்டி நறுக்கிக் கொண்டிருந்தார். அவருடைய கழுத்துப்பட்டியில் நீலம், வெள்ளை, சிவப்புக் கோடுகள். அத்தை குரலைத் தாழ்த்திக்கொண்டார். நம் ஊரில் கலெக்டர் வந்தால் பேசுகிற குரல் அது. 1924 முதல் அந்நாட்டில் கைத்தொழிலாளர்க்கு ஒரு பெரும்போட்டி நடக்கிறது. சமையல், ரொட்டி, இறைச்சி, பாலாடைக்கட்டி, தச்சு, கண்ணாடி எனப் பல தொழில்களில். வென்றவர்தான் அந்தக் கழுத்துப்பட்டி அணியலாம்.

பிறகு ரோயால் தெருவுக்குப் போனோம். உணவகம் இன்றும் வேறொருவர் கையில் நடக்கிறது. உள்ளே போக எங்களுக்குக் கட்டாது. வெளியே நின்று உணவுப் பட்டியலைப் படித்தோம். அங்கே நடைபாதையில் நின்றபடிதான், ஒரு வருடமாக யாரிடமும் சொல்லாததை அத்தையிடம் சொன்னேன். இப்போது உங்களிடம் சொல்கிறேன்.

என் தந்தையார் கல்யாணச் சமையற்காரர். சேர்க்கைப் படிவத்தில், தந்தையின் தொழில் என்ற இடத்தில், நான் ‘விவசாயம்’ என்று எழுதினேன். எங்களுக்கு நிலம் இல்லை. வகுப்பில் அறிமுகம் கேட்டபோதும் அதையே சொன்னேன். சென்ற ஆண்டு தை மாதம் வகுப்புத் தோழன் ஒருவனின் அக்காள் திருமணத்துக்கு நாங்கள் ஒன்பது பேர் போனோம். பந்தியில் அமர்ந்து இலைக்குத் தண்ணீர் தெளித்து நிமிர்ந்தேன். பரிமாறும் ஆள் குறைந்துவிட்டது போலும். வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசையில் வந்தவர் என் அப்பா. இடுப்பில் துண்டு, முன்கையில் எண்ணெய் சுட்ட தழும்பு. என்னைப் பார்த்தார், என் பக்கத்திலிருந்தவர்களையும் பார்த்தார். ஒரு கணம்தான்.

“தம்பிக்குச் சாம்பார் ஊத்தட்டுமா?” என்றார், புது ஆளைக் கேட்பதுபோல.

நான் தலையாட்டினேன். அவர் அடுத்த இலைக்குப் போய்விட்டார். என் வலப்பக்கம் இருந்த நண்பன், “சாம்பார் பிரமாதம்டா” என்று மறுபடி கேட்டு வாங்கினான். இரவு பத்து மணிக்கு அப்பா வீடு வந்து, கால் கழுவிக்கொண்டே கேட்டது ஒன்றுதான்: “சாப்பாடு நல்லா இருந்துச்சாடா?”

அத்தை நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பேருந்து நிறுத்தத்துக்கு வந்தபிறகு சொன்னார்:

“நான் பள்ளிக்கூடத்துல வேலைன்னு ஊருக்கு எழுதினேன். எல்லாரும் டீச்சர்னு நெனச்சுக்கிட்டாங்க. நான் மாத்திச் சொல்லலை.”

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆறாம் வகுப்பில் ‘என் அத்தை பிரான்சில் ஆசிரியை’ என்று பெருமை பேசியிருக்கிறேன். அத்தை இருபத்திரண்டு வருடம் வேலை செய்தது பள்ளிச் சாப்பாட்டுக் கூடத்தில். பிள்ளைகளுக்கு முதலில் காய், பிறகு பெரிய உணவு, பிறகு பாலாடைக்கட்டி, கடைசியில் பழம் என்று வரிசை பிசகாமல் வைப்பார்கள். பொது உணவுக்கூடங்களில் பாதியளவு தரச்சான்று பெற்ற பொருளாகவும், அதில் இயற்கை வேளாண்மையில் விளைந்தது மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்காகவும் இருக்க வேண்டும் என்று 2018இல் சட்டமே போட்டார்கள். “ஆறு வயசுப் பிள்ளை மூணு சீசுக்குப் பேரு சொல்லும். நான்தான் சொல்லிக் கொடுத்தேன். அதுவும் டீச்சர் வேலைதானே?” என்றார். சொல்லும்போது சிரிக்கவில்லை.

சமையலுக்கு அந்த நாடு கொடுக்கும் மதிப்பைக் கண்டு நான் மயங்கித்தான் இருந்தேன். அத்தை குடியிருந்த அடுக்கில் மூன்றாம் மாடியில் யாழ்ப்பாணத்து அண்ணன் ஒருவர் இருந்தார். ஓர் உணவகத்தில் பதினாறு வருடமாக வேலை. லியோனின் பெயர்போன மீன் உருண்டையான குவெனலை அவர் கை படாமல் அங்கே ஒரு தட்டும் வெளியே போகாது. அந்தக் கழுத்துப்பட்டியைப் பற்றி நான் வியந்து பேசியதைப் பொறுமையாகக் கேட்டார். “அது மேசைக்கு முன்னால நிக்கிற ஆக்களுக்குத் தம்பி. நாங்கள் குசினிக்குப் பின்னால நிக்கிறம். பாத்திரம் கழுவத்தான் முதல்ல எடுத்தவை. அஞ்சு வருசத்துக்குப் பிறகுதான் கத்தி தந்தவை” என்றார். பாரிசிலும் பல உணவகங்களின் பின்கட்டில் தமிழர் கைகள் உண்டு என்றார். நட்சத்திரம் கொடுக்கும் ஏட்டில் அந்தக் கைகளுக்கு இடம் இல்லை. இதையும் பார்த்துவிட்டுத்தான் வந்தேன்.

கடைசி வாரம் செர்ரி வந்தது. லியோனுக்கு மேற்கே பெசெனே என்னும் மலைக் கிராமம் செர்ரிக்குப் பேர்போனது. அத்தை இரண்டு கிலோ வாங்கி, மாவும் முட்டையும் பாலும் சர்க்கரையும் கரைத்து ஊற்றிக் கிளாபூத்தி சுட்டார். கொட்டையை எடுக்காமலே போட வேண்டும் என்றார். எடுக்கக் கூடாதா என்றேன். வாசம் போய்விடும் என்றார். உண்மைதான். கொட்டைக்குள் இருக்கும் அமிக்டலின் சிதைந்து பென்சால்டிகைடு உண்டாகிறது. வாதுமை மணம் அதனுடையது. எங்கள் வேதியியல் பேராசிரியர் கரும்பலகையில் எழுதியதை நான் லியோனில் மென்று துப்பினேன்.

ஊர் திரும்பும்போது அப்பாவுக்கு ஒரு துண்டு கோந்தே கொண்டுவந்தேன். அப்பாவுக்கு அதன் பேரும் தெரியாது, ஊரும் தெரியாது. ஓரத்தில் சிறிது கிள்ளி முகர்ந்தார். வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

“வெண்ணெ காய்ச்சின சட்டியில அடியில செவந்து நிக்கும் பாரு, அந்த வாசம்” என்றார். சிறிது கழித்து, “அப்புறம் வறுத்த முந்திரி. மாடு பச்சை மேஞ்ச பால்டா இது.”

உருக்கிய வெண்ணெயும் வறுத்த கொட்டையும் பொலினியில் நான் பார்த்த அந்த வட்டப் படத்தில் இருந்தன. துண்டு மஞ்சளாகத்தான் இருந்தது. அந்த 83 வாசனைகளைப் பற்றியும், சுவரில் அவற்றை மாட்டிவைத்திருப்பதைப் பற்றியும் அப்பாவிடம் சொன்னேன். ரோயால் தெரு நடைபாதையில் நான் பேசியதையும் சொன்னேன். அவர் மிச்சத்தைத் தாளில் மடித்து அம்மாவிடம் கொடுத்துவிட்டு, “அதை விடுறா. அந்த ஊர்ல பந்திக்கு எத்தனை பேரு?” என்று கேட்டார்.

அன்று என்னுடன் பந்தியில் இருந்த எட்டுப் பேரும் இந்த மலரைப் படிப்பார்கள். சாம்பார் பிரமாதம் என்றவனும் படிப்பான்.

ஜூலை மாதம் உதவித்தொகைப் படிவம் கொடுத்தார்கள். தந்தையின் தொழில் என்ற இடத்தில் ‘சமையல்’ என்று எழுதினேன். அலுவலகத்தில் வாங்கியவர் பழைய பதிவேட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, “போன வருசம் விவசாயம்னு இருக்கேப்பா?” என்றார்.

“அது தப்பு சார்.”

அவர் பழைய பதிவை அடித்துத் திருத்தி, ஓரத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டேன். படிவத்தைக் கட்டில் சேர்க்கப் போனவர் கையை நிறுத்தி மறுபடி ஒருமுறை பார்த்தார்.

“கல்யாணச் சமையலா? தை மாசம் எங்க வீட்டுல ஒரு விசேசம் இருக்கு. அப்பா நம்பரைக் குடு.”